கார் ஹோர்ன் அடிக்கவில்லையா? புதிது வாங்க முதல் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் ஆளுயர மதில். முடக்கில் எதிரே சைக்கிளில் வருகிற பிள்ளைக்குக் கார் வருவதைச் சொல்ல ஹோர்னை விட்டால் வேறு வழி இல்லை. அதனால் ஹோர்ன் பழுதானால் அடுத்த சேர்விஸ் வரை தள்ளிப் போடக்கூடாது. அதே நேரம், சத்தம் வரவில்லை என்றவுடன் கடைக்குப் போய்ப் புது ஹோர்ன் வாங்கவும் வேண்டாம். வாங்கிப் பூட்டிய பிறகு அதுவும் அடிக்காமல் நிற்பது அடிக்கடி நடக்கிற கதை. பழைய ஹோர்ன் நல்லாய்த்தான் இருந்திருக்கும். கறள் பிடித்த ஒரு எர்த் போல்ட்டோ எரிந்துபோன ஒரு பியூஸோதான் காரணமாக இருந்திருக்கும்.

கடல் சூழ்ந்த ஊர் என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் நாளாந்தம் போய்வருகிற வாகனங்கள், குறிகட்டுவான் இறங்குதுறையில் காரை விட்டுவிட்டு நயினாதீவுக்குப் படகு ஏறுகிறவர்களின் வாகனங்கள், பருத்தித்துறைக் கரையோரம் நிற்கிறவை எல்லாம் உப்புக் காற்றை வாங்கிக்கொண்டே நிற்கின்றன. ஹோர்ன் பூட்டியிருப்பதோ காரின் முன்மூக்கில். உப்பு, மாரி வெள்ளம், செம்மண் தூசி எல்லாம் முதலில் படுகிற இடம் அது.

கறண்ட் போகிற வழி

பற்றரியின் பிளஸ்ஸில் இருந்து பியூஸ், பியூஸில் இருந்து றிலே (சின்னக் கறண்டால் பெரிய கறண்டைத் திறந்து மூடுகிற சுவிற்ச்), றிலேயில் இருந்து ஹோர்ன், ஹோர்னில் இருந்து காரின் பொடி, அதாவது எர்த் எனப்படும் இரும்பு உடல், வழியாகத் திரும்பப் பற்றரியின் மைனஸ். பெரிய கறண்ட் ஓடுகிற பாதை இவ்வளவுதான். ஒரு ஹோர்ன் ஏறக்குறைய 3 முதல் 5 அம்பியர் இழுக்கும். தடித்த சத்தமும் மெல்லிய சத்தமுமாக இரண்டு இருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு.

ஸ்ரியறிங்கில் உள்ள பட்டன் இந்தப் பெரிய கறண்டைத் தொடுவதில்லை. ஜப்பான் கார்கள் பெரும்பாலானவற்றில் அது செய்வது றிலேக்குள் இருக்கிற கொயிலின் (கம்பிச் சுருளின்) ஒரு முனையை எர்த் பண்ணுவது மட்டும். கொயில் காந்தமாகி உள்ளே உள்ள கண்டக்ரை, அதாவது தொடுமுனையை, மூடும். அப்போது "டிக்" என்று சின்னச் சத்தம் கேட்கும்.

வேலை முழுவதையும் இரண்டாகப் பிரித்துத் தருவது இந்த "டிக்" சத்தம்தான். கேட்டால் பட்டன் பக்கம் சரி. பழுது றிலேயின் கண்டக்ரில் இருந்து ஹோர்ன் வரை எங்கோ இருக்கிறது. கேட்காவிட்டால் பழுது பியூஸில், றிலேயின் கொயிலில், அல்லது ஸ்ரியறிங் பக்கம்.

கையில் இருக்க வேண்டியவை

கடையில் விற்கிற எல்.ஈ.டி. ரெஸ்ரர் இந்த வேலைக்கு ஏமாற்றும். கறள் பிடித்து ஒரு இழையில் தொங்குகிற வயரிலும் அது பளிச்சென்று எரியும். ஆனால் அந்த வயரால் 4 அம்பியர் போகாது. சிக்னல் லைற்றுக்குப் போடுகிற 12 வோல்ற் 21 வாற் பல்ப் ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, இரண்டு வயரும் முதலைக் கிளிப்பும் பூட்டிக்கொள்ளுங்கள், இதுதான் உங்கள் ரெஸ்ற் லாம்ப். அது ஏறக்குறைய 1.75 அம்பியர் இழுக்கும் என்பதால் நலிந்த இணைப்பில் மங்கிக் காட்டிக்கொடுக்கும். பட்டன் பக்கத்துக்கு 5 வாற் பல்ப் ஒன்று தனியாக வேண்டும். அந்த மெல்லிய வயர்களில் 21 வாற் பல்ப்பைப் போடக்கூடாது.

இவற்றோடு ஒரு சாதாரண மல்ரிமீற்றர், 10 மற்றும் 12 மில்லிமீற்றர் ஸ்பானர், 240 அளவு சாண்ட் பேப்பர், வசலின், 10 மற்றும் 15 அம்பியர் பியூஸ் இரண்டிரண்டு, 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் 2 மீற்றர். அந்த வயரின் நடுவில் 15 அம்பியர் பியூஸ் ஹோல்டர் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். கை தவறி எங்காவது முட்டினால் பியூஸ் போகும், வயர் எரியாது.

பட்டனை அழுத்த ஒராள் தேவை. ஹோர்னுக்கு நேரே காதை வைத்துக்கொண்டு "அடி" என்று சொல்லாதீர்கள். எஞ்சின் நிறுத்தியிருந்தாலும் ரேடியேற்றர் பான் தானாகச் சுழலத் தொடங்கலாம், விரலை அங்கே விடவும் கூடாது. அக்குவா, பிறியஸ் போன்ற ஹைபிரிட் என்றால் ரெடி விளக்கு அணைந்திருக்க வேண்டும். செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்கள் உயர் மின்னழுத்தம். அவற்றின் பக்கமே போக வேண்டாம். அந்தக் கார்களில் 12 வோல்ற் பற்றரி பின்பக்கம் இருக்கும், அக்குவாவில் பின் சீற்றுக்குக் கீழே. பிளஸ் எடுப்பதற்காக, பொனற்றுக்குக் கீழே உள்ள பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடியோடு ஒரு முனை விட்டிருப்பார்கள்.

முதலில் வேறு என்ன வேலை செய்யவில்லை என்று பாருங்கள்

பொனற்றைத் திறக்க முதல் இரண்டு நிமிடம். பல ஹொண்டாக்களில் ஹோர்னுக்கும் பிரேக் லைற்றுக்கும் ஒரே பியூஸ். பழைய கொறோலாக்கள் சிலவற்றில் ஹோர்னும் ஹசாட் லைற்றும் ஒரே பியூஸ். ஆகவே பிரேக்கை மிதித்துப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள், ஹசாட்டைப் போட்டுப் பாருங்கள். இரண்டில் ஏதாவது ஒன்று ஹோர்னோடு சேர்ந்து செத்திருந்தால் பியூஸ் என்று நினைக்கலாம். பிரேக் லைற் இல்லாத கார் ஹோர்ன் இல்லாத காரை விட ஆபத்தானது, அதை வைத்துக்கொண்டு வீதிக்கு இறங்க வேண்டாம்.

எஞ்சின் வழமைபோல ஸ்ராற் ஆகிறதென்றால் ஹோர்னுக்குப் பற்றரி போதும். சந்தேகம் இருந்தால் மீற்றரில் பாருங்கள்: நிறைந்த பற்றரி 12.6 வோல்ற் அளவில் நிற்கும், 12 வோல்ற்றுக்குக் கீழே என்றால் முதலில் அதை சார்ஜ் பண்ண வேண்டும்.

பியூஸ்

பியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எக்காளப் படமோ ஹோர்ன் என்ற ஆங்கிலச் சொல்லோ இருக்கும். சில ஜப்பான் இறக்குமதிகளில் ஜப்பான் எழுத்து மட்டும். அப்போது போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்க்கலாம். சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20.

பியூஸைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பது போதாது, மயிரிழை வெடிப்புத் தெரியாது. கழற்றாமலே பார்க்க வழி இருக்கிறது. ரெஸ்ற் லாம்பின் ஒரு முனையைப் பற்றரி மைனஸில் கொழுவி, மறு முனையால் பியூஸின் முதுகில் தெரிகிற இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் பியூஸுக்கே கறண்ட் வரவில்லை. பெரும்பாலான கார்களில் திறப்பு இல்லாமலே ஹோர்ன் அடிக்கும். சிலவற்றில் திறப்பை ஓன் பண்ணிவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

பியூஸ் போயிருந்தால் அதே அம்பியரில் புதிது போடுங்கள். அது எப்போது போகிறது என்று கவனியுங்கள். போட்டவுடனே போனால் றிலேக்கு முந்திய பக்கம் வயர் எங்கோ பொடியில் முட்டுகிறது. பட்டனை அழுத்தும்போது மட்டும் போனால் றிலேக்குப் பிந்திய வயர், அல்லது ஹோர்னே உள்ளுக்குள் இறுகியிருக்கிறது. ஹோர்னின் கனெக்ரரைக் கழற்றிவிட்டு இன்னொரு பியூஸ் போட்டு அழுத்துங்கள். பியூஸ் தங்கினால் குற்றவாளி ஹோர்ன். அப்போதும் போனால் வயர். ரேடியேற்றர் சட்டத்தின் விளிம்பிலும் பம்பருக்குப் பின்னாலும் உரஞ்சிய இடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எலி கடித்த வயரும் இங்கே புதினம் அல்ல, வீட்டில் நெல்லோ கோழித்தீனோ வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கார் நின்றால் குறிப்பாகப் பாருங்கள்.

10 அம்பியர் பியூஸ் போகிறது என்று 30 போடுவதும், சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிச் செருகுவதும் காருக்கு நெருப்பு வைக்கிற வேலை.

றிலே

விரலை றிலேயின் மேல் வையுங்கள், உள்ளே இருக்கிறவர் பட்டனை அழுத்தட்டும். வீதிச் சத்தத்தில் "டிக்" காதில் விழாவிட்டாலும் விரலுக்குத் தெரியும்.

டிக் இல்லை, பியூஸோ நல்லது என்றால் அதே பெட்டியில் அதே இலக்கம் பொறித்த இன்னொரு றிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஏ.சி. அல்லது பொக் லைற் றிலே பெரும்பாலும் ஒத்துவரும். கால்களின் அமைப்பும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், உருவம் ஒத்தால் மட்டும் போதாது.

மாற்றியும் சத்தம் இல்லாவிட்டால் றிலேயைக் கழற்றி அது இருந்த சொக்கற்றில் வேலை. றிலேயின் அடியில் இலக்கங்கள் இருக்கும். பொதுவானவற்றில் 30 பற்றரி, 87 ஹோர்ன், 85ம் 86ம் கொயில். ரொயோட்டா றிலேக்களில் 1ம் 2ம் கொயில், 3ம் 5ம் கண்டக்ற். பியூஸ் வைத்த வயரால் 30க்கும் 87க்கும் உரிய துளைகளை, அல்லது 3க்கும் 5க்கும் உரியவற்றை, ஒரு விநாடி இணையுங்கள். ஹோர்ன் அடித்தால் ஹோர்ன், அதன் வயர், எர்த் மூன்றும் நல்லது. நீங்கள் பம்பரைக் கழற்றத் தேவையில்லை. அடிக்காவிட்டால் பழுது முன்பக்கம். கொயில் துளைகளில் இந்த வயரைச் செருகக்கூடாது.

அதே சொக்கற்றில் பட்டன் பக்கத்தையும் பார்க்கலாம். 5 வாற் லாம்பின் ஒரு முனை பற்றரி பிளஸ்ஸில், மறு முனை பட்டனுக்குப் போகிற கொயில் துளையில். பட்டனை அழுத்தும்போது எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். இரண்டு கொயில் துளைகளில் பட்டனுடையது எது என்றால், மைனஸில் கொழுவிய லாம்பை எரிய வைக்காத துளை.

புதிய மொடல்கள் சிலவற்றில் ஹோர்ன் றிலே தனியாக வராது, பியூஸ் பெட்டிக்குள்ளேயே ஒட்டியிருக்கும். அவற்றில் இந்தப் படியை விட்டு நேரே முன்னுக்குப் போங்கள்.

ஹோர்னும் எர்த்தும்

எங்கள் பக்கத்தில் கூடுதலாகப் பழுது கிடக்கிற இடம் இது. முன் கிறில்லுக்குப் பின்னால், ரேடியேற்றரைத் தாங்குகிற சட்டத்தில், தகட்டுத் தாங்கி ஒன்றில் தொங்கும். ஒரு வயர் மட்டும் போகிற ஹோர்ன் என்றால் எர்த் அந்தத் தாங்கியின் போல்ட் வழியாகத்தான். இரண்டு வயர் போனால் ஒன்று எர்த்.

கனெக்ரரைக் கழற்றுங்கள். பச்சைப் பூஞ்சணம் மாதிரிப் படிந்திருந்தால் அது செம்பில் பிடித்த கறள், சுரண்டித் துப்புரவாக்குங்கள். 21 வாற் லாம்பின் ஒரு முனையை வருகிற வயரிலும் மறு முனையைப் பற்றரி மைனஸிலும் வைத்துப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் கறண்ட் வருகிறது. இப்போது பற்றரி மைனஸை விட்டு, அந்த முனையை ஹோர்னின் தாங்கியில், அல்லது எர்த் வயரில் வையுங்கள். அதேமாதிரி எரிய வேண்டும். மங்கினாலோ எரியாவிட்டாலோ எர்த்தில் பழுது. ஹோர்ன் வாங்கத் தேவையில்லை, சாண்ட் பேப்பர் போதும்.

போல்ட்டைக் கழற்றி, தாங்கியின் இரண்டு பக்கத்தையும் பொடியில் அது படுகிற இடத்தையும் வெள்ளி மாதிரி மினுங்கும்வரை உரஞ்சுங்கள். பெயின்ற் இருந்தால் அதுவும் போக வேண்டும். கறள் தின்ற போல்ட்டைத் திரும்பப் போடாமல் புதிது போடுங்கள். இறுக்கிய பிறகு மேலே வசலின் பூசிவிட்டால் உப்புத் தண்ணி உள்ளே இறங்காது. பொடியே அரித்துப்போன காரில் உரஞ்ச உரஞ்சத் தகடு ஓட்டையாகும். அதில் தாங்கியின் போல்ட்டில் இருந்து பற்றரி மைனஸுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் ஒன்றைத் தனியாக இழுத்துவிடுவது நல்லது.

இரண்டு சோதனையிலும் லாம்ப் பளிச்சென்று எரிந்தும் ஹோர்ன் ஊமை என்றால் இப்போதுதான் ஹோர்னைச் சந்தேகிக்க வேண்டும். கழற்றி எடுத்துப் பற்றரியில் நேரே கொடுத்துப் பாருங்கள். வயரைப் பற்றரியில் முதலில் கொழுவி, கடைசித் தொடுகையை ஹோர்னின் பக்கம் வையுங்கள். பொறி பறப்பது கடைசித் தொடுகையில். சார்ஜ் ஆன பற்றரிக்கு மேலே ஐதரசன் நிற்கலாம்.

நத்தை வடிவ ஹோர்ன் என்றால் வாய்க்குள் பாருங்கள். குளவி மண்ணால் கூடு கட்டி அடைத்திருக்கும், கன நாள் நின்ற காரில் இது சாதாரணம். குச்சியால் மெல்லக் கிளறி எடுக்கலாம், ஆழமாகக் குத்தினால் உள்ளே உள்ள தகடு கிழியும். தண்ணி நின்றால் கவிழ்த்து வெயிலில் காயவிடுங்கள். சத்தமே இல்லாவிட்டால் ஸ்பானரின் பிடியால் ஒரு தட்டு. தட்டினதும் அடித்தால் உள்ளே இருக்கிற கண்டக்ற் ஒட்டியிருந்திருக்கிறது. சில நாள் ஓடும், நம்பி இருக்க வேண்டாம்.

பின்பக்க விளிம்பில் ஒரு சின்னத் திருகாணி இருந்தால் அது கண்டக்ற் தேய்மானத்தைச் சரிசெய்வதற்கு. ஹோர்னை விட்டு விட்டு அடித்தபடி இடப்பக்கம் திருப்புங்கள். சத்தம் நிற்கிற இடம் வந்ததும் வலப்பக்கம் கால் சுற்று. அதோடு விடுங்கள். நடுவில் உள்ள பெரிய நட்டைத் தொட்டால் ஹோர்ன் முடிந்தது.

திரும்பப் பூட்டும்போது நத்தை வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். தட்டையான ஹோர்னின் முகம் பம்பரிலோ கிறில்லிலோ முட்டக்கூடாது, முட்டினால் தவளை மாதிரிக் கத்தும். அந்த நெளியும் தகட்டுத் தாங்கியைத் தூக்கி எறிந்துவிட்டு ஹோர்னை நேரே சட்டத்தில் இறுக்கினாலும் சத்தம் செத்துவிடும், தாங்கி நெளிவதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது.

சத்தம் மெலிந்து கேட்டால்

இரண்டு ஹோர்ன் உள்ள காரில் ஒன்று செத்துப் போனதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒவ்வொன்றாகக் கனெக்ரரைக் கழற்றி அடித்துப் பாருங்கள். இரண்டும் அடித்தும் மெலிந்திருந்தால் மீற்றரை எடுங்கள். ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது அதன் பிளஸ்ஸில் பற்றரியை விட அரை வோல்ற்றுக்குள் குறைந்திருக்கலாம். 1 வோல்ற்றுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ கறள். ஹோர்னின் தாங்கிக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த்.

ஸ்ரியறிங் பக்கம்

எயார்பாக் உள்ள காரில் பட்டனுக்கான வயர் ஸ்ரியறிங்குக்குப் பின்னால் சுருளாகச் சுற்றிய தட்டையான நாடா ஒன்றால் போகிறது. மெக்கானிக்மார் இதைக் கிளொக் ஸ்பிறிங் என்பார்கள். இது அறுந்தால் அடையாளம் தெளிவு: ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் திருப்பினால் ஹோர்ன் அடிக்கும், மறு பக்கம் அடிக்காது, ஸ்ரியறிங்கில் உள்ள ரேடியோ பட்டன்கள் வேலை செய்யாது, டாஷ்போட்டில் எயார்பாக் விளக்கு அணையாமல் எரியும். அந்த விளக்கு எரிந்தால் ஹோர்னை விடப் பெரிய பிரச்சினை இருக்கிறது. மோதினால் பாக் விரியாமல் போகலாம்.

இதைப் புதியவர்கள் கழற்றக்கூடாது. பற்றரி மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகே தெரிந்த மெக்கானிக்கும் கை வைப்பார். மஞ்சள் கனெக்ரர்களில் லாம்ப்போ மீற்றரோ வைத்தால் பாக் முகத்தில் வெடிக்கலாம். புது நாடா பூட்டுகிறவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: சில்லு நேராக நிற்கும்போது நாடாவை நடுவுக்கு எடுத்துத்தான் பூட்டினாரா? இல்லாவிட்டால் முதல் முழுத் திருப்பத்திலேயே அறுந்துவிடும்.

எயார்பாக் இல்லாத பழைய கொறோலா, ரவுன்ஏஸ் போன்றவை இலகு. ஸ்ரியறிங்கின் நடுவில் உள்ள மூடியை (பாட்) இழுத்தோ பின்னால் உள்ள திருகாணியைக் கழற்றியோ எடுத்தால், ஸ்பிறிங் வைத்த முள் ஒன்று பித்தளை வளையத்தில் உரஞ்சுவது தெரியும். வளையத்தை மென்மையான சாண்ட் பேப்பரால் துடையுங்கள், முள்ளின் ஸ்பிறிங் களைத்திருந்தால் சற்று இழுத்துவிடுங்கள், கிறீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். இவ்வளவும் செய்து அடிக்காவிட்டால் ஸ்ரியறிங் தண்டில் இருந்து பொடிக்கு ஒரு வயரைத் தொட்டுப் பாருங்கள். அப்போது அடித்தால் தண்டின் எர்த் அறுந்திருக்கிறது; தண்டில் றப்பர் இணைப்பு உள்ள கார்களில் இது நடக்கும்.

நிற்காமல் அடித்தால் முதலில் ஹோர்ன் பியூஸை இழுத்து எடுங்கள், அயலும் அமைதியாகும், ஹோர்னும் எரியாது. பிறகு றிலேயை மாற்றிப் பாருங்கள். மாற்றினதும் நின்றால் பழைய றிலேயின் கண்டக்ற் ஒட்டிவிட்டது. நிற்காவிட்டால் பட்டன் வயர் எங்கோ எர்த்தில் முட்டுகிறது, அல்லது வெயிலில் சுருங்கிய பாட் அழுத்தியபடி நிற்கிறது.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வைத்திருக்கிறவர்களுக்கு

பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய இந்தக் கார்கள் இன்னும் சில வீடுகளில் நிற்கின்றன. இவற்றில் மேலே சொன்ன ஒழுங்கு தலைகீழ். றிலே கிடையாது. மைனரில் ஏ1, ஏ2 முனைகளுக்கு நடுவில் இருக்கிற பியூஸ் வழியாக ஹோர்னுக்கு எந்நேரமும் கறண்ட் நிற்கும். பட்டன் ஹோர்னையே நேரே எர்த் பண்ணுகிறது. ஆகவே பட்டனை அழுத்தாமலே ஹோர்னின் ஒரு முனையில் லாம்ப் எரிய வேண்டும். மற்ற முனையை ஒரு வயரால் பொடியில் தொட்டால் அடிக்க வேண்டும். அடித்தால் பழுது பட்டன் பக்கம். மாற்றப்படாத கார் என்றால் பொடியில் இருப்பது பற்றரியின் பிளஸ், மைனஸ் அல்ல; பல்ப் வைத்த லாம்புக்கு அது பொருட்டில்லை, எல்.ஈ.டி. ரெஸ்ரர் குழம்பும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

பழைய ஹோர்னைக் கையில் கொண்டு போங்கள். 12 வோல்ற்றா என்று பொறித்திருப்பதை வாசியுங்கள், பஸ்ஸுக்கும் லொறிக்கும் உரிய 24 வோல்ற் ஹோர்ன் அதே தட்டில் இருக்கும். முனை ஒன்றா இரண்டா, தாங்கியின் துளை பொருந்துமா என்று பாருங்கள். ரீகண்டிசன் ஹோர்ன் என்றால் கடையிலேயே பற்றரியில் கொடுத்து அடித்துக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு முனை ஹோர்னை எடுத்து இரண்டு முனை ஹோர்ன் பூட்டினால் இரண்டாவது முனையில் இருந்து பொடிக்கு எர்த் வயர் இழுக்க மறக்க வேண்டாம்.

இருந்ததை விடப் பெரிய சோடி ஹோர்ன் ஆசை என்றால் பழைய வயரில் அப்படியே கொழுவாதீர்கள். பற்றரியில் இருந்து 20 அம்பியர் பியூஸ், 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், தனி 4 கால் றிலே ஒன்று. பழைய ஹோர்ன் வயர் அந்த றிலேயின் 86க்கு, 85 எர்த்துக்கு. பூட்டி முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைற்றையும் போட்டுக்கொண்டு, ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முழுவதாகத் திருப்பி அடித்துப் பாருங்கள். அதை ஆஸ்பத்திரி வீதியில் நின்று செய்ய வேண்டாம்.